மோந்தார்ஜி முதல் மாஸ்கோ வரை: பிரான்சில் உழைத்துப் படித்த சீன மாணவர்கள்

சீன அறிவாளர்களுக்கு மார்க்சியக் கருத்துகள் தொடக்கத்தில் பெரும்பாலும் ஜப்பானிய மொழி வழியாகவே வந்து சேர்ந்தன என்பதும், தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய லீ தாசாவ், பெய்ஜிங் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவராக இருந்துகொண்டே ரஷ்யப் புரட்சியைச் சீன வாசகர்களுக்கு விளக்கி எழுதினார் என்பதும் சென்ற பகுதியில் கூறப்பட்டன. ஜப்பானிலிருந்து நூல்களும் கலைச்சொற்களும் வந்தன. ஆயினும் கட்சி ஒன்றைக் கட்டி, தலைமறைவாக நடத்தி, பிற்காலத்தில் அரசையே கைப்பற்றிய தலைமுறையின் கணிசமான பகுதி வேறொரு நாட்டில் உருவாயிற்று. 1919 தொடக்கத்துக்கும் 1920 இறுதிக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரான்சுக்குக் கப்பலேறிய ஏறத்தாழ 1,600 சீன மாணவர்களிடையே சூ என்லாய், டெங் சியாவோபிங், சென் யீ, நீ ரோங்ஜென், லீ லிசான், லீ ஃபுசுன், சாய் ஹெசென் ஆகியோர் இருந்தனர். அவர்களை அனுப்பி வைத்தவர்களோ கம்யூனிஸ்டுகள் அல்லர். அவர்களுள் சிலர் பிற்காலத்தில் கம்யூனிசத்தின் கடும் எதிரிகளாகவே மாறினர்.

இந்த அனுப்புதலின் மூலவர் லீ ஷிசெங். மஞ்சு அரசவையில் உயர்பதவி வகித்த குடும்பத்தில் பிறந்த அவர், 1902-இல் சீனத் தூதருடன் பிரான்சுக்குச் சென்று, பாரிசுக்குத் தெற்கே உள்ள மோந்தார்ஜி என்னும் சிறு நகரின் வேளாண் பள்ளியில் பயின்று, பின்னர் பாஸ்டர் ஆய்வகத்தில் சோயா அவரையைப் பற்றி ஆராய்ந்தார். பாரிசில் அவரும் வு ஷிஹுய் முதலிய நண்பர்களும் அரசின்மைவாதத்தைத் தழுவினர். அரசு, படை, சொத்து, மதம் ஆகிய அதிகார அமைப்புகள் எவையும் இல்லாமல், மக்கள் தாமே கூடி ஒருவருக்கொருவர் உதவி வாழும் சமுதாயமே சிறந்தது என்பது அக்கொள்கை. 1907-இல் அவர்கள் தொடங்கிய 'புதிய நூற்றாண்டு' என்னும் சீன இதழ் அதன் ஊதுகுழலாயிற்று. பாரிசின் புறநகரான லா கரென் கொலோம்பில் லீ நிறுவிய சோயாத் தொழிற்சாலையில், சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கும் டோஃபு முதலான உணவுகள் தயாராயின. ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள் பகலில் அங்கு வேலை செய்து மாலையில் பிரெஞ்சும் அறிவியலும் கற்றனர்; புகைபிடிப்பதும் சூதாடுவதும் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தன. 1915-இல் தோன்றிய 'ஊக்க உழைப்பு, சிக்கனப் படிப்புச் சங்கம்' இந்தத் தொழிற்சாலைச் சோதனையின் விரிவாக்கமே.

முதல் உலகப் போர் இச்சிறு முயற்சியைப் பேரியக்கமாக்கியது. பிரிட்டனும் பிரான்சும் அகழி தோண்டவும் சரக்கு இறக்கவும் ஆலைகளில் வேலை செய்யவும் சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தின் பேரில் வரவழைத்தன. அவர்களைத் திரட்டுவதிலும் கற்பிப்பதிலும் லீயும் அவர் நண்பர்களும் பிரெஞ்சு அறிஞர்களுடன் கைகோத்து 1916-இல் சீன–பிரெஞ்சுக் கல்விச் சங்கத்தை நிறுவினர். அதன் சீனத் தலைவரான சாய் யுவான்பெய் அதே ஆண்டின் இறுதியில் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றதனால் இயக்கத்துக்கு நாடறிந்த ஒரு முகமும் கிடைத்தது. போரில் இளைஞர்களை இழந்த பிரான்சுக்கு ஆள் தேவை என்றும், ஓராண்டு உழைத்தால் ஈராண்டு படிக்கலாம் என்றும் பிரசாரம் நடந்தது. பெய்ஜிங், பாவோதிங், சாங்ஷா, சோங்சிங் போன்ற நகரங்களில் பிரெஞ்சும் கைத்தொழிலும் கற்பிக்கும் ஆயத்தப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1919 மார்ச்சில் முதல் அணி ஷாங்காயிலிருந்து புறப்பட்டது. ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், கொழும்பு, சூயஸ் வழியாக மார்செய்க்கு ஐந்து, ஆறு வாரம் நீண்ட அக்கடற்பயணத்தை மிகக் குறைந்த கட்டணத்தில் கப்பலின் அடித்தளத்தில் கழித்த மாணவர்களுக்கு, வழியில் நின்ற துறைமுகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் கொடியின் கீழிருந்த ஆசிய நகரங்களாகவே காட்சியளித்தன.

அந்த ஆண்டின் நிகழ்ச்சிகள் பயணிகளின் மனநிலையையே மாற்றியிருந்தன. சீனா நேச நாடுகளின் பக்கம் நின்றிருந்தபோதிலும், ஷாண்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை ஜப்பானுக்கு வழங்க வெர்சாய் மாநாடு முடிவு செய்தது. அதனை எதிர்த்து 1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் மூண்ட மாணவர் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. மறுபுறம், ஜார் மன்னர்கள் சீனாவிடமிருந்து பறித்த சலுகைகளைக் கைவிடுவதாகச் சோவியத் அரசு விடுத்த அறிவிப்பு 1920-இல் சீனாவில் தெரியவந்தது. ஆகவே, மேலை நாகரிகத்தின் தலைநகரை நோக்கிப் பயணம் செய்த இளைஞர்களுக்கு அந்த நாகரிகத்தின் மீதிருந்த நம்பிக்கை, கப்பலில் ஏறும் முன்னரே பாதி தேய்ந்துவிட்டது.

ஹூனான் மாகாணத்தவர் இக்கூட்டத்தில் தனித்து நிற்கின்றனர். 1918 ஏப்ரலில் சாங்ஷா நகரில் மாவோ சேதுங்கும் சாய் ஹெசெனும் பிற நண்பர்களும் அமைத்த 'புதிய மக்கள் ஆய்வுக் கழகம்' தன் உறுப்பினர்களைப் பிரான்சுக்கு அனுப்புவதைத் தன் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. மாவோ நண்பர்களின் பயணத்துக்கு ஏற்பாடு செய்து ஷாங்காய்த் துறைமுகம்வரை வந்து வழியனுப்பினாரே தவிர, தாம் செல்லவில்லை. 1919 டிசம்பரில் புறப்பட்ட சாய் ஹெசென் தம் தங்கை சாய் சாங்கையும், தோழி சியாங் ஜிங்யூவையும், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயார் கெ ஜியான்ஹாவோவையும் உடன் அழைத்துச் சென்றார். அந்த அம்மையார் மோந்தார்ஜியில் பிரெஞ்சு மொழி பயின்றதோடு, பூவேலை செய்து விற்றுக் குடும்பத்துக்கு உதவினார் என்பது அக்காலச் சீனப் பெண்களின் நிலையை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும்.

சாய் ஹெசென் வகுப்புக்குச் சென்றது குறைவு. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு 'லுமானிதே' என்னும் பிரெஞ்சு நாளிதழையும் மார்க்சியச் சிறு நூல்களையும் நாள் முழுவதும் வாசித்து, தமக்கு விளங்கிய அளவில் மொழிபெயர்த்து நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டார். 1920 ஜூலையில் மோந்தார்ஜியில் கூடிய கழக உறுப்பினர்களிடையே சீனாவை மாற்றும் வழி குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. கல்வியின் வாயிலாகப் படிப்படியாக, வன்முறையின்றி மாற்றம் காண வேண்டும் என்று சியாவோ ஜிசெங்கும், ரஷ்யாவைப் போலக் கட்சி அமைத்துத் தொழிலாளர் சர்வாதிகாரத்தை நிறுவ வேண்டும் என்று சாயும் வாதிட்டனர். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சாய் தம் நிலைப்பாட்டை மாவோவுக்கு நீண்ட கடிதங்களில் விளக்கி, 'சீனக் கம்யூனிஸ்ட் கட்சி' என்ற பெயரையே முன்மொழிந்தார். மாவோ முதலில் 1920 டிசம்பரிலும் பின்னர் 1921 ஜனவரியிலும் எழுதிய பதில்களில் அதனை முழுமையாக ஏற்றார். கல்வி வழி மாற்றம் பேச்சளவில் நல்லதே எனினும் நடைமுறையில் இயலாது, ஏனெனில் பள்ளிகளும் பத்திரிகைகளும் பணமுள்ளவர் கையில் உள்ளன என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. சாங்ஷாவில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் அரசியல் முடிவில், பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த கடிதங்களுக்கு இவ்வளவு பங்கு இருந்தது.

ஆனால் சாய் போன்றவர் சிலரே. மாணவர்களில் பெரும்பாலோர் மெய்யாகவே தொழிற்கல்வி பெற்றுத் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். அவர்களை அரசியலுக்குத் தள்ளியது பொருளாதாரம். 1920-இன் பிற்பகுதியில் பிரான்சைப் போருக்குப் பிந்தைய மந்தம் பிடித்தது. படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கே வேலை கிடைக்காத நிலையில், மொழி அறியாத, தொழில் தெரியாத அயல்நாட்டு மாணவர்களை ஆலைகள் முதலில் வெளியேற்றின. லெ குரூசோவின் ஷ்னைடர் இரும்பாலை போன்ற இடங்களில் வேலை கிடைத்தவர்களுக்கும் பயிற்சியில்லாத கூலிகளுக்கு உரிய ஊதியமே கிடைத்தது; பழுக்கக் காய்ச்சிய இரும்பை இழுக்கும் வேலையில் உண்டு உறங்குவதற்கு மேல் மிச்சமேதும் இல்லை. பதினாறு வயதில் சிச்சுவானிலிருந்து வந்து, நார்மண்டியின் பாயே நகரப் பள்ளியில் சில மாதங்களே படித்து, பணம் தீர்ந்ததும் 1921 ஏப்ரலில் அதே ஆலையில் சேர்ந்த டெங் சியாவோபிங் (அப்போது அவர் பெயர் டெங் சீசியன்) மூன்றே வாரங்களில் வேலையை விட்டார். ஓராண்டு உழைத்து ஈராண்டு படிப்பது என்ற கணக்கு, போர்க்காலத்தின் ஆள் பற்றாக்குறையை நிலையானதாகக் கருதிப் போடப்பட்டது. லீயும் அவர் நண்பர்களும் உழைப்பின் பெருமையை எவ்வளவோ எழுதினார்கள். வேலையின்மையைப் பற்றி அவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

வேலையற்றவர்களுக்குக் கல்விச் சங்கம் நாளொன்றுக்கு ஐந்து பிராங்கு உதவித்தொகை வழங்கிவந்தது. 1921 ஜனவரியில் பாரிசுக்கு வந்திருந்த சாய் யுவான்பெய், சங்கத்தின் கருவூலம் வற்றிவிட்டதென்றும் மாணவர்களுடனான பொருளாதாரத் தொடர்பு முடிவுக்கு வருகிறதென்றும் அறிவித்தார். பிப்ரவரி 28 அன்று சில நூறு மாணவர்கள், வாழும் உரிமையும் கற்கும் உரிமையும் வேண்டும் என்ற முழக்கத்தோடு பாரிஸ் சீனத் தூதரகத்தின் முன் திரண்டனர்; காவல்துறை அவர்களைக் கலைத்தது. இந்தக் கட்டத்தில் மாணவர்களுக்குள்ளேயே பிளவு இருந்ததைக் குறிப்பிட வேண்டும். அரசு உதவி கேட்டுப் போராடுவதே வழி என்றது சாய் ஹெசெனின் மோந்தார்ஜி அணி. லெ குரூசோவில் கூலி வேலை செய்துகொண்டிருந்த ஜாவோ ஷியானும் லீ லிசானும் அமைத்த அணியோ, தொழிலாளர்களோடு நின்று உழைப்பதே கல்வி என்றும் அரசிடம் கையேந்தக் கூடாதென்றும் கருதி அப்போராட்டத்தில் சேரவில்லை. கோடையில், பெய்ஜிங் அரசு பிரான்சிடம் பெருந்தொகை ஒன்றைக் கடனாகப் பெற இரகசியப் பேச்சு நடத்துவது வெளியானபோது, அதனை எதிர்ப்பதில் இரு அணிகளும் ஒன்றாயின. அக்கடன் மாகாணங்களைப் படைபலத்தால் ஆண்ட போர்ப்பிரபுக்களின் சண்டைச் செலவுக்கே போகும் என்று மாணவர்கள் நம்பினர்; கடன் முயற்சி கைகூடவில்லை. சினமுற்ற தூதரகமும் பிரெஞ்சு அதிகாரிகளும் செப்டம்பரில் எஞ்சிய உதவித்தொகையையும் நிறுத்தினர்.

அதே மாதத்தில் லியோன் நகரின் செந்த்-இரெனே என்னும் பழைய படைக்கோட்டையில் சீன–பிரெஞ்சு உயர்கல்வி நிறுவனம் திறக்கப்படவிருந்தது. அது தங்களுக்காகவே கட்டப்படுகிறது என்று உழைத்துப் படிக்கும் மாணவர்கள் எண்ணியிருந்தனர். வு ஷிஹுய்யோ, தேர்வு செய்யப்பட்ட, பெரும்பாலும் வசதி படைத்த புதிய மாணவர்களைச் சீனாவிலிருந்து கப்பலில் அழைத்து வந்துகொண்டிருந்தார். செப்டம்பர் 21 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கோட்டை வளாகத்துக்குள் நுழைந்தனர். காவல்துறையினர் அவர்களைச் சுற்றி வளைத்துப் படைமுகாம் ஒன்றில் அடைத்தனர். அக்டோபர் நடுவில் அவர்களுள் 104 பேர் மார்செய்யில் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் சாய் ஹெசென், லீ லிசான், சென் யீ ஆகியோர் இருந்தனர். ஜாவோ ஷியான் காவலிலிருந்து தப்பிவிட்டார். 1946 வரை இயங்கிய லியோன் நிறுவனத்தில் 473 சீன மாணவர்கள் பதிவு செய்துகொண்டனர். அவர்களுள் பலர் அறிவியலிலும் இலக்கியத்திலும் பெயர் பெற்றார்கள் எனினும், அந்நிறுவனத்தின் பெயர் சீன அரசியல் வரலாற்றில் இடம்பெறுவது அதனுள் படிக்க முடியாமற்போனவர்களாலேயே.

பிரெஞ்சு அதிகாரிகள் இந்த நாடு கடத்தலைத் தொல்லை நீக்கமாகக் கருதினர். அதன் விளைவு அவர்கள் எண்ணியதற்கு நேர்மாறாக அமைந்தது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு 1921 ஜூலையில் ஷாங்காயில் கூடியபோது நாடு முழுவதும் அதற்கு ஐம்பதைச் சற்றே தாண்டிய உறுப்பினர்களே இருந்தனர். பேராசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த அக்கட்சிக்கு, ஆலைக் கூலி வாழ்க்கையை உடலால் அறிந்தவர்கள் மிக அரிதாக இருந்த வேளையில், பிரெஞ்சு அரசின் செலவில் ஒரு கப்பல் நிறைய ஆட்கள் வந்து இறங்கினர். சாய் ஹெசென் 1922-இல் மத்தியக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கட்சியின் 'வழிகாட்டி' வார இதழுக்கு ஆசிரியரானார். லீ லிசான் ஜியாங்சி மாகாணத்தின் ஆன்யுவான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டு, முதலில் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவுப் பள்ளி தொடங்கி, மாஸ்கோவில் படித்துத் திரும்பிய லியூ ஷாவோசியுடன் சேர்ந்து 1922 செப்டம்பரில் அங்கு ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற வேலைநிறுத்தத்தை வெற்றிகரமாக நடத்தினார்.

ஐரோப்பாவில் எஞ்சியவர்கள் 1922 ஜூனில் அமைப்பாயினர். பாரிசின் மேற்கு விளிம்பில் உள்ள புவா த புலோஞ் பூங்காவில், பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த 18 பேர் திறந்தவெளியில் நாற்காலி வாடகைக்கு எடுத்து அமர்ந்து, ஐரோப்பாவில் வாழும் சீன இளைஞர்களின் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினர். ஜாவோ ஷியான் செயலாளராகவும் சூ என்லாய் பிரசாரப் பொறுப்பாளராகவும் லீ வெய்ஹான் அமைப்புப் பொறுப்பாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மறு ஆண்டில் அது தாய்க் கட்சியின் இளைஞர் கழகக் கிளையாக இணைக்கப்பட்டது. சூ என்லாய் ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்தவர் அல்லர் என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. 1920 இறுதியில் வந்திறங்கிய அவருக்குத் தியான்ஜின் நகரின் நன்காய்ப் பள்ளி நிறுவனர் வழங்கிய உதவித்தொகையும், ஊர் நாளிதழுக்கு எழுதிய கட்டுரைகளுக்கான வருவாயும் இருந்தன. 1921-இல் மெய்யியல் ஆசிரியர் ஜாங் ஷென்ஃபு அவரைக் கம்யூனிஸ்ட் குழுவில் சேர்த்தார். பின்னர் பெர்லினில் இவ்விருவரும் சேர்த்த ஓர் உறுப்பினர் ஜூ தே. யுன்னான் மாகாணப் படையில் உயர் தளபதியாக இருந்து, அபினிப் பழக்கத்தையும் ஆடம்பரத்தையும் துறந்து, ஷாங்காயில் கட்சித் தலைவர் சென் டூசியுவிடம் உறுப்பினராக்கக் கேட்டு மறுக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கு வந்த அந்த 36 வயது மனிதரே பிற்காலத்தில் செஞ்சேனையின் தலைமைத் தளபதியானவர்.

பாரிசின் தெற்கில் கொதஃபுருவா தெருவில் இருந்த மலிவு விடுதியின் சிறிய அறை ஒன்று அமைப்பின் தலைமையகமாக விளங்கியது. 'இளைஞர்' என்ற பெயரில் 1922-இல் தொடங்கி, 1924 பிப்ரவரி முதல் 'செவ்வொளி' என்ற பெயரில் வெளிவந்த இதழ் அங்கேயே தயாராயிற்று. மோந்தார்ஜியை அடுத்த ஷாலெத்தின் ஹட்சின்சன் ரப்பர் ஆலையில் மழைக்காலணி தயாரித்துக்கொண்டிருந்த டெங், பாரிசுக்கு வந்து மெழுகுத்தாளில் எழுத்துகளைக் கீறிப் படியெடுக்கும் வேலையை ஏற்றார். அவ்வேலையின் நேர்த்திக்காக நண்பர்கள் அவருக்குச் 'சைக்ளோஸ்டைல் டாக்டர்' என்று பட்டம் சூட்டினர். பிரான்சில் கழித்த ஐந்தாண்டுகளில் அவர் பெற்ற ஒரே பட்டமும் அதுதான்.

இவர்களைக் கம்யூனிஸ்டுகளாக்கியதில் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எழலாம். 1920 டிசம்பரில் தூர் நகர மாநாட்டில் பிறந்த அக்கட்சி அப்போது தன்னையே நிலைநிறுத்திக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தது. மாணவர்களுள் பெரும்பாலோரின் பிரெஞ்சு அறிவும் தொழிற்சங்கக் கூட்டப் பேச்சுகளைப் பின்தொடரப் போதுமானதாக இல்லை. தூர் மாநாட்டில் பேசிய வியட்நாமியரும், பின்னாளில் ஹோ சி மின் எனப்பட்டவருமான நுயென் ஆய் குவோக், ஜாவோ ஷியான் உள்ளிட்ட சிலரை அக்கட்சியில் சேர அறிமுகப்படுத்தினார் என்று சீனத் தரப்பு நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. ஆயினும் அவர்கள் கற்றதெல்லாம் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதே. ஒரே மாகாணத்தார் ஒரே விடுதியில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே ஆலையிலிருந்து ஒன்றாக வேலை நீக்கம் பெற்ற வாழ்க்கை, எந்தக் கட்சிப் பள்ளியையும் விட இறுக்கமான பிணைப்பை உண்டாக்கியது. அப்பிணைப்பின் மீதே கொள்கை ஏறியது.

இதே வாழ்க்கை எல்லோரையும் ஒரே திசையில் செலுத்தவில்லை. 1,600 பேரில் கம்யூனிஸ்ட் அமைப்புகளில் சேர்ந்தவர்கள் சில நூறு பேரைத் தாண்டார். 1923 டிசம்பரில் செங் சி, லீ ஹுவாங் முதலியோர் பாரிசின் புறநகர் ஒன்றில் நிறுவிய சீன இளைஞர் கட்சி, தீவிரத் தேசியத்தையும் கம்யூனிச எதிர்ப்பையும் கொள்கையாகக் கொண்டது. இரு தரப்பாரும் இதழ்களில் மோதியதோடு நில்லாமல் கூட்டங்களில் நாற்காலிகளாலும் மோதிக்கொண்டனர். லீ ஷிசெங்கும் வு ஷிஹுய்யும் 1927-இல் கோமிந்தாங் என்னும் தேசியக் கட்சியின் படைத்தளபதி ஷியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளை ஒழிக்க முற்பட்டபோது அவர் பக்கம் நின்றனர். அதிகாரம் எதுவுமே கூடாது என்று இருபதாண்டுகள் எழுதியவர்கள் படைத்தளபதி ஒருவரின் அரசுக்குத் துணைபோனது, அவர்களுடைய பழைய மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1923 முதல் பாரிஸ் கிளையின் உறுப்பினர்கள் அணியணியாக மாஸ்கோவுக்குச் செல்லத் தொடங்கினர். கீழை நாடுகளின் புரட்சியாளர்களுக்காகச் சோவியத் அரசு 1921-இல் நிறுவிய கீழைத் தேச உழைப்பாளர் கம்யூனிஸ்ட் பல்கலைக்கழகத்தில், ஜாவோ ஷியான், வாங் ருவோஃபெய், சென் டூசியுவின் புதல்வர்கள் சென் யான்னியன், சென் சியாவோனியன் ஆகியோர் முதல் அணியாகச் சேர்ந்தனர். சூ என்லாய் 1924-இல் நாடு திரும்பி, தெற்கே குவாங்சோவுக்கு அருகில் புதிதாகத் திறக்கப்பட்ட வாம்போவா படைத்துறைக் கல்லூரியில் அரசியல் துறைத் தலைவரானார். 1927 மார்ச்சில் ஷாங்காய்த் தொழிலாளர்கள் நகரைக் கைப்பற்றிய எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர்கள் சூவும் ஜாவோவும். அடுத்த மாதமே தொடங்கிய அழித்தொழிப்பில் ஜாவோவும் சென் யான்னியனும் அவ்வாண்டு ஜூலையில் கொல்லப்பட்டனர். ஹாங்கோவின் பிரெஞ்சுக் குடியிருப்பில் கைதாகிச் சீன அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்ட சியாங் ஜிங்யூ 1928 மே முதல் நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாய் ஹெசென் 1931-இல் குவாங்சோவில் மாண்டார்.

பிரான்சில் கிளையின் இறுதிக் கட்டம் 1925-இல் வந்தது. மே 30 அன்று ஷாங்காயில் பிரிட்டிஷ் அதிகாரத்தின் கீழிருந்த காவலர்கள் ஊர்வலத்தினரைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து, ஜூன் 21 அன்று மாணவர்கள் பாரிஸ் தூதரகத்துக்குள் புகுந்து, தொலைபேசிக் கம்பிகளை அறுத்து, தூதர் சென் லூவிடம் கண்டன ஆவணங்களில் வலுக்கட்டாயமாகக் கையொப்பம் பெற்றனர். பிரெஞ்சுக் காவல்துறை தலைவர்களைச் சிறையிலடைத்தும் நாடு கடத்தியும் கிளையைச் சிதைத்தது. அவ்வாறு சிறைப்பட்டவர்களுள் முதன்மையானவரான ரென் ஜுவோஷுவான் சில ஆண்டுகளில் கட்சியை விட்டு விலகி, யே சிங் என்னும் புனைபெயரில் கோமிந்தாங்கின் பெயர்பெற்ற கம்யூனிச எதிர்ப்பு எழுத்தாளரானார். அவரைப் போன்றவர்கள் அகற்றப்பட்ட வெற்றிடத்தில் இருபத்தோரு வயது டெங் தலைமைக்கு உயர்ந்தார். பியாங்கூரில் ரெனோ மோட்டார் ஆலையில் வேலை செய்துகொண்டே கூட்டங்களில் பேசிவந்த அவருடைய பெயர் காவல்துறை அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறத் தொடங்கியது. 1926 ஜனவரி 8 அன்று காலை அவர் தங்கியிருந்த விடுதி அறையைச் சோதனையிட்ட காவலர்களுக்குப் படியெடுக்கும் கருவிகளும் கம்யூனிசப் பிரசுரங்களும் கிடைத்தன. முதல் நாள் மாலையிலேயே டெங்கும் இருபதுக்குச் சற்றுக் குறைவான தோழர்களும் ஜெர்மனி வழியாக மாஸ்கோ செல்லும் ரயிலில் ஏறியிருந்தனர். அங்கு அவர் சில நாட்களுக்குப் பின் சேர்ந்த இடம், கோமிந்தாங்கும் கம்யூனிஸ்டுகளும் கூட்டாக மாணவர்களை அனுப்பிவந்த சுன் யாட் சென் பல்கலைக்கழகம். ஷியாங் கை ஷேக்கின் மகன் ஷியாங் சிங் குவோ அங்கே அவருடன் பயின்றார். 1925-இல் திறக்கப்பட்டு 1930-இல் மூடப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும், அதனுள் நடந்த உட்கட்சிப் பூசல்களும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.